டிப்பரேரியின் ரயன் குடும்பம்: கல்லறைக் கற்களையும் பங்குப் பதிவேடுகளையும் சேர்த்துப் படித்த அனுபவம்

என் மாமியார் பாஸ்டனில் பிறந்தவர். பிறந்த வீட்டு வழியில் ரயன் குடும்பத்தவர். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் இளம் வயதில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்பதும், பாஸ்டனில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லில் ‘டிப்பரேரியில் பிறந்தவர்’ என்று பொறித்திருப்பதும் மட்டுமே குடும்பத்தாருக்குத் தெரிந்திருந்தன. அவர் எந்த ஊரினர், அவருடைய முன்னோர் யார் என்று கண்டறிந்து தரும் பொறுப்பை டப்ளினில் வசிக்கும் நானும் என் கணவரும் ஏற்றுக்கொண்டோம். அந்தத் தேடல் எந்த வழியில் முன்னேறியது என்பதை, இதே முயற்சியில் இறங்குவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயரே ரயன்தான். மேற்கு டிப்பரேரியின் பங்கு ஒன்றை, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள தேவாலயப் பகுதி ஒன்றை, எடுத்துக்கொண்டால், ஒரே காலத்தில் ஒரே பெயருடன் வாழ்ந்த ஆண்கள் பலர் இருப்பார்கள். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரும் வைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், மைக்கேல், ஜான், பாட்ரிக் ஆகிய பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண்களின் பெயர்களை மட்டும் நம்பித் தேடியிருந்தால் எங்களால் எதையும் உறுதி செய்திருக்க முடியாது. எங்களுக்கு வழிகாட்டியவை இரண்டு: பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லாண்டு எனப்படும் சிறு நிலப்பிரிவின் பெயர். அயர்லாந்தில் இத்தகைய நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. ஒரு குடும்பத்தின் முகவரி என்பது உண்மையில் இதுதான்.

மற்ற நாடுகளில் முதலில் புரட்டப்படும் மக்கள்தொகைக் கணக்கேடுகள் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரை எடுக்கப்பட்டவை அதற்கு முன்பே அரசின் ஆணையால் அழிக்கப்பட்டுவிட்டன. முழுமையாக எஞ்சியவற்றுள் பழையவை 1901, 1911 கணக்கேடுகளே. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அரசின் உடைமையாக இல்லாமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் அவற்றின் நுண்படச் சுருள்களை, ஏறத்தாழ 1880 வரையிலானவற்றை, 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. இந்த ஒரு செயலுக்காகவே அந்த நூலகத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

முதல் பிடி அமெரிக்காவிலிருந்தே கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயர்களும் இடம்பெறும். பாட்டனாரின் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் டுவையர் என்று இருந்தது. அயர்லாந்தில் 1864 முதல் எல்லாச் சமயத்தாரின் பிறப்பும் இறப்பும் திருமணமும் அரசால் பதிவு செய்யப்பட்டன. பிறப்புப் பதிவில் தந்தையின் வசிப்பிடமும் தாயின் பழைய குடும்பப் பெயரும் இருக்கும். ரயன் என்ற தந்தை, டுவையர் குலத்துத் தாய், தெரிந்த முதற்பெயர், ஏறத்தாழ சரியான வயது ஆகிய நான்கும் பொருந்தியது 1866ஆம் ஆண்டின் ஒரே பதிவில்தான். அதில் டவுன்லாண்டின் பெயர் இருந்தது.

அந்த இடத்தின் 1901, 1911 கணக்கேட்டுத் தாள்களில் பாட்டனாரின் அண்ணனும், அப்போது விதவையாக இருந்த தாயும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 1901இல் அறுபது என்று எழுதப்பட்ட தாயின் வயது 1911இல் எழுபத்தாறு ஆகியிருந்தது. இத்தகைய முரண்பாட்டைக் கண்டு இவர் வேறொருவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எழுபது வயது நிறைந்தோருக்கு உதவித்தொகை வழங்கும் சட்டம் 1908இல் வந்தது. பிறப்புச் சான்று இல்லாத தலைமுறையினர் தங்கள் வயதை அப்போதுதான் கணக்கிடத் தொடங்கினார்கள், சிலர் சற்றுக் கூட்டியும் சொன்னார்கள். பொதுவாகவே வயதைத் தோராயமாகவும் உறவையும் இடத்தையும் உறுதியாகவும் எடுத்துக்கொள்வதே சரி என்பது என் துணிபு.

1864க்கு முன்னால் கத்தோலிக்கருக்குப் பங்குப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை. திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடக்கும் என்பதால், டுவையர் குடும்பம் வாழ்ந்த பக்கத்துப் பங்கில் தேடினோம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் திருமணம் செய்ய மாட்டார்கள். ஆகவே அதற்கு முந்தைய வாரங்களில் திருமணங்கள் நெருக்கமாக நடக்கும். அந்தப் பக்கங்களை முதலில் பார்த்ததால், 1858 பிப்ரவரியில் பாட்டனாருடைய பெற்றோரின் திருமணப் பதிவு விரைவில் கிடைத்தது. பதிவேடு லத்தீனில் இருந்தது: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ் ஆகிறார், வில்லியம் குலியெல்முஸ் ஆகிறார். மை பரவி எழுத்து மங்கிய இடங்களில், அதே பங்குத்தந்தை தெளிவாக எழுதிய வேறு பக்கங்களைப் பார்த்து அவருடைய எழுத்துகளின் வடிவத்தைப் பழகிக்கொண்டோம்.

மணமகனின் திருமுழுக்கைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. பொருத்தமான ஆண்டுகளில் அதே முதற்பெயர் கொண்ட ரயன் குழந்தைகள் பலர். அவர்களுள் எங்கள் டவுன்லாண்டைச் சேர்ந்தவர் ஒருவரே; 1829இல் திருமுழுக்குப் பெற்றவர். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஹேய்ஸ். ஞானத்தாயாக ஹெஃபர்னன் என்ற குடும்பப் பெயருடைய ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராகவே இருப்பார்கள். ஆனால் ரயன் குடும்பத்திலும் ஹேய்ஸ் குடும்பத்திலும் ஹெஃபர்னன் உறவு எதுவும் பதிவேட்டில் தென்படவில்லை.

அதற்கான விடை கல்லறையில் இருந்தது. கூரை இழந்த பழைய தேவாலயம் ஒன்றைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டம் அது. அங்கே எழுத்தில்லாத வயற்கற்கள் நட்டிருக்கும் குழிகளே அதிகம். கல் வெட்டக் கொடுக்க வசதியில்லாதவர்களும், 1845 முதல் 1852 வரையிலான பெரும் பஞ்சத்தில் இறந்தவர்களும் பெயரின்றியே கிடக்கிறார்கள். அந்தக் கற்களைக் கடந்து செல்லும்போது, எழுத்துள்ள ஒரு கல் கிடைத்த குடும்பம் எவ்வளவு பேறு பெற்றது என்பதை முழுமையாக உணர்ந்தேன்.

கல்லைப் படிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆர்வத்தால் பலர் கற்களைக் கெடுத்துவிடுகிறார்கள். கம்பித் தூரிகை, வெளுப்பு நீர், சுண்ணக்கட்டி ஆகிய எதையும் பயன்படுத்தக் கூடாது. படிந்திருக்கும் பாசியையும் கற்பாசியையும் சுரண்டினால் கல்லின் மேற்பரப்பும் சேர்ந்து உரிந்துவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச் செய்வதே போதும்: நண்பகலில் வெறும் கல்லாகத் தோன்றுவது, மாலை வெயிலில் அல்லது இருட்டிய பின் கல்லின் விளிம்பில் பிடித்த கைவிளக்கின் ஒளியில் வரிவரியாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒளி பாய்ச்சித் தனித்தனியாகப் படமெடுத்து, வீட்டில் ஒப்பிட்டுப் படித்தோம். ஸ்லேட் கல்லில் எழுத்து நெடுநாள் கூர்மையாக நிற்கும். மணற்கல்லில் அடுக்கடுக்காக உதிர்ந்துவிடும். எங்களுக்கு வாய்த்தது ஸ்லேட்.

அதில், எங்கள் டவுன்லாண்டின் பெயரைச் சொல்லி, 1829ஆம் ஆண்டுக் குழந்தையின் தந்தை தம் பெற்றோருக்காக எழுப்பிய கல் என்று பொறிக்கப்பட்டிருந்தது. கல்லை எழுப்பியவரின் தந்தை 1838இல் எழுபத்து நான்காம் வயதில் இறந்தவர். அவருடைய தாயின் பெயருக்குப் பின்னால், அந்தக் காலத்து வழக்கப்படி, பிறந்த வீட்டுப் பெயரும் வெட்டப்பட்டிருந்தது: ஹெஃபர்னன். திருமுழுக்குப் பதிவில் புதிராக நின்ற ஞானத்தாய், குழந்தையின் பாட்டி வழி உறவினர் என்று கொள்வதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அந்தப் பங்கின் பதிவேடே 1810களில்தான் தொடங்குகிறது; கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்களின் பின்விளைவாகக் கிராமப்புறப் பங்குகள் பலவற்றில் பதிவேடுகள் இவ்வாறு காலந்தாழ்ந்தே தொடங்கின. ஏறத்தாழ 1764இல் பிறந்த ஒருவரைப் பற்றிப் பதிவேடு எதுவும் சொல்ல இயலாத நிலையில், கல் ஒரு தலைமுறை பின்னால் சென்று சொல்லியது. கல்லில் உள்ள மனிதர் எங்கள் ரயன்தான் என்பதைப் பதிவேடு உறுதிசெய்தது.

1847 முதல் 1864 வரை தயாரிக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீடு என்ற, வரிக்காக நிலங்களை மதிப்பிட்ட அரசு ஏட்டிலும் அந்த டவுன்லாண்டைப் பார்த்தோம். ரயன்கள் மிகுந்த இடங்களில் ஒவ்வொரு கிளைக்கும் உரிய பட்டப்பெயரை அதிகாரிகள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிளையின் பட்டப்பெயரைச் சொன்னதும், அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அந்த நிலம் எது என்று கைகாட்டினார்.

அந்தக் கல்லுக்கு அடுத்து நிற்கும் மற்றொரு ரயன் கல், 1838இல் இறந்தவரின் சகோதரருடையதாக இருக்கலாம்; டவுன்லாண்டின் பெயர் வரும் பகுதி உடைந்துபோனதால் குடும்ப மரத்தில் அவரைப் புள்ளிக்கோட்டால் மட்டும் இணைத்திருக்கிறோம். பழைய கல்லறைத் தோட்டங்கள் புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பொறுப்பில் இருந்ததால், கத்தோலிக்கரின் அடக்கங்களும் சில இடங்களில் அதன் பதிவேடுகளில் உண்டு. எங்கள் பகுதிக்குரிய ஏடு எஞ்சவில்லை. ஆகவே, 1708இல் நிறுவப்பட்டு, வேறு கட்டடத்தில் இருந்ததால் 1922ஆம் ஆண்டுத் தீயிலிருந்து தப்பிய டப்ளின் பத்திரப் பதிவகத்தில், அந்நிலத்தின் உரிமையாளர் எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரங்களை இப்போது பார்த்து வருகிறோம். மூவரின் ஆயுட்காலம் வரை செல்லும் என்று எழுதப்படும் குத்தகைகளில் குத்தகைதாரரின் பிள்ளைகளையோ உடன்பிறந்தாரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. அத்தகைய பத்திரம் ஒன்று கிடைத்தால் அந்தப் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக வரைந்துவிடலாம்.