மெம்பிஸில் ஒரு புகைப்படத்தின் முன்னால்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் என்றதும் பாடகர் எல்விஸ் வீட்டைப் பார்த்துவிட்டு வா என்றார்கள். நான் முதலில் போனது பீல் தெருவுக்கு. எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரரின் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. இப்போது அது அருங்காட்சியகம்.

கல்யாணம், சர்ச் விழா, பேஸ்பால் ஆட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேமராவோடு போனவர் விதர்ஸ். மணப்பெண்கள், பட்டம் வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். வெள்ளையர் பத்திரிகைகள் இந்த முகங்களை அதிகம் சீண்டியதில்லை.

அப்புறம் அந்தப் படம். 1968 மார்ச் 28, கிளேபோர்ன் டெம்பிள் தேவாலயத்துக்கு வெளியே எடுத்தது. தொப்பியும் கோட்டும் போட்ட ஆண்கள், தோளோடு தோள் உரச. ஒவ்வொரு கையிலும் ஒரே அட்டை: 'ஐ ஆம் எ மேன்'. 'நான் மனிதன்டா' என்று சொல்வதுபோல, 'ஆம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு. பேரன் எடுத்த கறுப்பினத்தவரையும் 'பையா' என்று கூப்பிட்ட ஊர் அது.

இவர்கள் குப்பை அள்ளும் தொழிலாளர்கள். அந்த பிப்ரவரி 1ஆம் தேதி, மழைக்கு லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் குப்பையை அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் மோட்டலில் சுட்டுக் கொன்றார்கள்.

விதர்ஸ் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தவர் என்று 2010இல் செய்தி வந்தது. மனசு கசந்தது, மறைக்கவில்லை. ஆனால் 1955இல் எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் கொலை வழக்கில், வெள்ளையர்கள் நிறைந்த நீதிமன்றத்தில் அவனுடைய உறவினர் மோஸ் ரைட் எழுந்து குற்றவாளிகளைக் கைநீட்டிக் காட்டிய நொடியைப் பதிந்ததும் இவர் கேமராதான். படம் எடுக்கக் கூடாது என்ற தடையை மீறி எடுத்தது. அந்தத் துணிச்சலை என்னால் கழித்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கிளேபோர்ன் டெம்பிளுக்கு நடந்தேன். 2025 ஏப்ரலில் தீ அதைத் தின்றுவிட்டது. பக்கத்துத் திடலில் வேலைநிறுத்தக்காரர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். போனில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்று விரலால் தடவியபடியே இருட்டும்வரை நின்றேன்.