சொல்லதுக்குன்னே வந்தியளா?

2021 ஜனவரி. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சலில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்ததும், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு முறை போட்டார்கள். கேரளத்துக் கோழி, வாத்து வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்ற வண்டிகளின் சக்கரத்துக்கு மருந்தடிக்க வேண்டும்.

சாவடி முறை இல்லாத நாட்களில் ஊருக்குள் மாதிரி எடுப்போம். ஒரு வீட்டில் அம்மச்சி சேவலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஞ்சுக்குச்சியைத் தொண்டையில் ஒன்று, எச்சத்துவாரத்தில் ஒன்று எனச் சுழற்றிக் குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

"டாக்டரம்மா, கொண்டுபோறிய, சரி. என்ன கண்டதுன்னு எங்ககிட்ட வந்து சொல்லுவியளா?"

இத்தனை வருடத்தில் முடிவைச் சொல்ல எந்த வீட்டுக்கும் நான் திரும்பிப் போனதில்லை.

இலாரியா காப்புவாவை நினைத்துக்கொண்டேன். இத்தாலிய வைரஸ் ஆய்வாளர், என்னைப் போலவே கால்நடை மருத்துவம் படித்தவர். அங்கே கோழிகளை எச்7என்1 வகைப் பறவைக் காய்ச்சல் தாக்கியபோது எச்7என்3 வகைத் தடுப்பூசி போட்டார்கள். வைரஸில் 'என்' என்ற எழுத்தால் குறிக்கும் பகுதி இரண்டிலும் வேறு என்பதால், ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை வைத்தே ஊசி போட்ட கோழி எது, நோய் கண்ட கோழி எது என்று பிரித்துவிடலாம். அந்த முறையை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் நான் அவரைக் கும்பிடுவது வேறொன்றுக்காக. 2006இல் நைஜீரியப் பறவைக் காய்ச்சல் வைரஸின் மரபணு வரிசை அவர் கையில் இருந்தது. சில ஆய்வகங்கள் மட்டும் கடவுச்சொல் போட்டுத் திறக்கும் தரவுத்தளத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, யாரும் பார்க்கும்படி ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் போட்டார். 2008இல் 'கிஸெய்ட்' தரவுத்தளம் பிறக்க அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். கொரோனா வரிசைகளை உலகமே பெரும்பாலும் அதில்தான் பகிர்ந்துகொண்டது.

2013இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு வருடமே வைரஸ் கடத்தியவர் என்று ஒரு வார இதழ் அட்டையில் போட்டது. 2016 ஜூலையில் குற்றமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குள் மனுஷிக்குப் போதும் என்றாகிவிட்டது. பதவியை விட்டார், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆய்வகத்திலிருந்து அரசியலுக்கு வருபவர்களே அபூர்வம். வந்தவரையும் இப்படி நோகடித்து அனுப்பினார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

மாதிரி முடிவு வந்தது. நோய் இல்லை. அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"சொல்லதுக்குன்னே வந்தியளா?" என்று அம்மச்சி நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.