சதுக்கத்துத் தூண்கள்

ஜனவரி 27

அப்பா கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து மூன்று மாதமாகிறது. முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடற்கரையோரம் நடந்து சலித்துப்போனதால் இன்று ஓட்டோ பிடித்துச் சுதந்திர சதுக்கத்துக்குக் கூட்டிப்போனேன்.

யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்த மனிதர். அங்கிருக்கும் சுதந்திர நினைவு மண்டபத்துப் படி ஏறியதும் நேராக ஒரு தூணருகே போய் விரல் முட்டியால் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே முகம் மாறிவிட்டது.

"இது மரமில்லைப் பிள்ளை. கொங்கிறீட்."

கண்டியில் இருக்கும் மகுல் மடுவ என்ற அரச மண்டபத்தைப் பார்த்து இதைக் கட்டினார்கள், அங்கேதான் மரத்தூண்கள் என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. தூணின் தலையில், உத்தரத்தைத் தாங்கும் இடத்தில், தாமரை கவிழ்ந்தது போல இறங்கும் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதிகை" என்றார் கடைசியில். ஊர்க் கோயிலில் அவர் சொல்லித்தான் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

ஜனவரி 28

மழை. போகவில்லை.

ஜனவரி 30

1832இல் இதே நாளில்தான் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் இறந்தான். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. கல்லறை பாலாற்றங்கரையில் இருக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு இதைச் சொன்னேன்.

அந்தக் கண்டி மண்டபத்தை 1783இல் கட்டத் தொடங்கிய ராஜாதி ராஜசிங்கனும் நாயக்கர் வம்சம்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி அதே மண்டபத்தில்தான் கண்டி ஒப்பந்தத்தை வாசித்து நாட்டை ஆங்கிலேயர் கையில் கொடுத்தார்கள். நாடு கைவிட்டுப்போன இடத்தின் சாயலையே எடுத்து, நாடு கைக்கு வந்ததற்கு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. டொரிங்டன் சதுக்கம் என்ற பெயரில் கிடந்த இடம் இது.

"அப்ப இது எங்கட ஆக்களும் சேர்ந்த கதைதான்" என்றார் அப்பா. சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போது கொழும்பில் அவர் தமிழில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெப்ரவரி 2

கொடி கட்டுகிறார்கள். முன்னால் நிற்கும் நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் சிலையடியில் பள்ளிப் பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். அப்பாவுக்குத் தூண்தான் வேண்டும்.

இன்று அவரோடு நானும் குனிந்து பார்த்தேன். அடி சதுரம், மேலே போகப் போக முனைகளைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். சீமெந்தில் அந்தச் செதுக்கலுக்கு ஒரு வேலையும் இல்லை, அச்சில் வார்த்தால் வந்துவிடும். மரத்தில் அப்படியில்லை என்றார் அப்பா. ஒவ்வொரு முனையும் உளி போன தடம். போதிகை தூணில் கழுந்தும் துளையுமாகப் பொருந்தி இருக்கவேண்டும். "இதைச் செய்தவன் மரத்தை நல்லாப் பார்த்துத்தான் செய்திருக்கிறான். குறை சொல்லேலாது. ஆனா பொருத்து எங்கயெண்டு தெரியேல்லை. பொருத்தைப் பார்த்தால்தானே வேலைக்காரனைத் தெரியும்."

பெப்ரவரி 4

சுதந்திர தின விடுமுறை. தொலைக்காட்சியில் கொண்டாட்டம். அப்பா பல்கனியில் உட்கார்ந்து, தளபாடக் கடையில் கேட்டு வாங்கிவந்த மரத்துண்டில் ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தார். கை நடுங்குகிறது. மத்தியானம் பார்த்தால் ஒரு சின்னப் போதிகை, ஓர் இதழ் மட்டும் முடிந்திருந்தது. மற்ற இதழ்கள் பென்சில் கோடாக இருந்தன.

சனிக்கிழமை காலை ரயிலில் கண்டிக்குப் போகிறோம். முழங்காலுக்குத் தைலம், சாப்பாடு எல்லாம் நான் எடுத்துவைத்தேன். அப்பா தன் பழைய அளவு டேப்பைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.