ஐந்தரை மணிக் குரல்

காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டு கேட்டின் கொண்டி இரண்டு முறை ஒலிக்கும். "கிளம்பியாயிற்றா அக்கா?" எதிர்வீட்டு அத்தையின் குரல். அம்மாவுக்கு 68 வயது. அப்பா போனபின் ஒரு வருடம் வாசலைத் தாண்டாதவர். இன்று சேலையைச் சற்று ஏற்றிக் கட்டி, கேன்வாஸ் ஷூ அணிந்து, கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நான்கு தோழிகளோடு நடக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தவை நடை முடிந்த பிறகு வரும் பத்து நிமிடங்கள். மரத்தடியில் வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார்கள். ஒருவர் சத்தமாகப் பத்து வரை எண்ணுவார். யாராவது தடுமாறினால் இருபுறமும் கைகள் இறுகும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்கத்தான். இதை நான் சொன்னபோது காதில் வாங்காத அம்மா, தோழிகள் சொன்னால் செய்கிறார். (2018இல் பத்மஸ்ரீ பெற்ற யோகா ஆசிரியை நானம்மாள் பாட்டியும் எங்கள் கோவைக்காரர்தான் என்பதில் இவர்களுக்குப் பெருமிதம்.)

நேற்று ஒருவர் வரவில்லை. மற்ற நால்வரும் அவர் வீட்டுக்கே போனார்கள். காய்ச்சல். மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா வீடு திரும்பினார்.