குரக்கன் பிட்டு: நான்காவது தடவை

மூன்று தடவை பிழைத்துப்போன குரக்கன் (கேழ்வரகு) பிட்டு நேற்றுத்தான் சரிவந்தது.

முதல் தடவை தண்ணீர் கூடிக் களியாகிவிட்டது. அடுத்த முறை தண்ணீரைக் குறைத்தேன். அவிந்த பிறகும் உள்ளே பச்சை மா, தொண்டையில் அடைத்தது. மூன்றாவதில் அரிசிமாவைக் கூட்டினேன். மென்மையாக வந்தது, ஆனால் குரக்கன் வாசம் போய்விட்டது. வாசம் இல்லாவிட்டால் எனக்கு அது குரக்கன் பிட்டே இல்லை.

அம்மம்மாவின் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அங்கால், முத்தையன்கட்டுப் பக்கம். மேட்டுக்காணியில் குரக்கன் விதைப்பார்கள். அம்மம்மா திரிகையில் அரைக்கும்போது நானும் எதிரே இருந்து கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவேன். ஏழு வயதில் நான் பழகிய முதல் சமையல் வேலை அது. இன்றைக்கும் மா வறுபடும் மணம் வந்தால் கை தானாகச் சுற்றப் பார்க்கும். 2009 யுத்த இடப்பெயர்வில் திரிகையும் போய்விட்டது.

சரி, பிழை எங்கே என்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மம்மா மாவைப் பிசறிப்போட்டு உடனே அவிக்கிறவவோ?"

"இல்லைப் பிள்ளை. ஈரத்துணியால மூடிப்போட்டுக் கோழிக்குத் தீன் போடப் போவா. வந்துதான் கொத்துறவ."

அந்தக் கோழித்தீன் நேரத்தைத்தான் நான் விட்டிருக்கிறேன். குரக்கன் மா தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசறியவுடன் ஈரமாகத் தெரிவது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

நேற்று இரண்டு சுண்டு (அளக்கிற தகரப்பேணி) குரக்கன் மாவுக்கு அரைச் சுண்டு சிவப்பரிசி மா. இரண்டையும் இளஞ்சூட்டில் வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, மூடி இருபது நிமிடம் விட்டேன். திறந்து பார்த்தால் விரலில் ஈரமே ஒட்டவில்லை. இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்து, சுண்டு விளிம்பால் கொத்தினேன். பிடித்தால் பிடிபட்டது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. பிறகு தேங்காய்ப்பூ சேர்த்து, பனையோலையால் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்தேன். சாம்பலும் மண்ணிறமுமாக இருந்த மா ஆவி பட்டுக் கறுத்து வந்தபோது, அம்மம்மாவின் குசினி மணம் அப்படியே வந்தது. கண் கலங்கிவிட்டது.

விரால் கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டோம். மகள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

இனி மாவைத்தான் பார்க்கவேண்டும். மில்லில் அரைத்தது நைசாக இருக்கிறது, திரிகை மாவில் ஒரு குறுகுறுப்பு இருக்கும். மாங்குளத்தில் ஒரு வீட்டில் பழைய திரிகை ஒன்று கிடக்கிறதாம். வரும் சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கப்போகிறேன்.