செக்யூரிட்டைசேஷன் பாடம்: 2007–08 நெருக்கடியை வைத்து நான் படித்த முறை

நிதி அபாய மேலாளர்களுக்கான எஃப்ஆர்எம் தேர்வின் இரண்டாம் பகுதிக்குப் படிக்கிறவர்களில் பலர் கடன் அபாயப் பகுதியின் கடைசி அத்தியாயங்களுக்கு வந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள். கடன்களைத் தொகுத்துப் பத்திரங்களாக விற்பதுதான் செக்யூரிட்டைசேஷன்; அதில் எம்பிஎஸ் (வீட்டுக்கடன் பத்திரம்), ஏபிஎஸ் (பிற கடன்களின் பத்திரம்), சிடிஓ (பத்திரங்களையே மறுபடி தொகுத்தது), எஸ்ஐவி (வங்கி தன் கணக்குக்கு வெளியே நடத்தும் நிதி அமைப்பு) என்று சுருக்கெழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். சரி, மனப்பாடம் செய்துவிடுவோம் என்று போனால் தேர்வில் கேள்வி வேறு பக்கத்திலிருந்து வரும். இந்தப் பகுதியை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். எனக்குக் கைகொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். வங்கி வேலையில் இருந்துகொண்டு சிஏஐஐபி எழுதுகிறவர்களுக்கும் இது உதவும்.

முறை இதுதான். நோட்டில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்திகள் ஆக்குங்கள். இடது பக்கம் ‘நஷ்டம்’: கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் யாருடைய பணம் முதலில் போகிறது? வலது பக்கம் ‘நிதி’: இந்தப் பத்திரத்தை வைத்திருப்பவர் அதை வாங்கப் பணம் எங்கிருந்து திரட்டினார், அதை எப்போது திருப்பித் தர வேண்டும்? 2007–08 உலக நிதி நெருக்கடியில் நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் இந்த இரண்டில் ஒன்றில் வைக்கப் பாருங்கள். ‘சப்பிரைம் (கடன் வரலாறு சரியில்லாத) கடன்காரர்கள் கட்டவில்லை, அதனால் உலகம் கவிழ்ந்தது’ என்ற ஒற்றை வரி விளக்கத்தில் வலது பத்தியே இல்லை. தேர்வில் கடினமான கேள்விகள் பெரும்பாலும் அந்தப் பத்தியிலிருந்துதான் வருகின்றன.

முதலில் இடது பத்தி. வரையறைகளிலிருந்து தொடங்காதீர்கள், ஒரே ஒரு உண்மையான டீலிலிருந்து தொடங்குங்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கியின் அங்கம்) பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எஃப்ஆர்எம் வாசிப்புகளில் இடம்பெற்றது. பாடத்திட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆனாலும் அதைப் படிப்பது வீண்போகாது. நியூ செஞ்சுரி ஃபைனான்ஷியல் என்ற அமெரிக்க நிறுவனம் கொடுத்த 3,949 சப்பிரைம் வீட்டுக் கடன்கள், மொத்தம் சுமார் 88 கோடி டாலர். அவற்றை கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கி, ஒரு டிரஸ்டில் போட்டு, பத்திரங்களாகப் பிரித்து விற்றது. அந்த ஒரு டீலை வைத்தே கடன் கொடுத்தவர், தொகுத்தவர், தவணை வசூலிக்கும் சர்வீசர், ரேட்டிங் நிறுவனம், முதலீட்டாளர் என்று எல்லாரையும் ஒரு படத்தில் வரைந்துவிடலாம்.

வரைந்த பிறகு ஒவ்வொரு அம்புக்குறி மேலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இவருக்குத் தெரிந்தது எது, அவருக்குத் தெரியாதது எது? அந்த ஆய்வு இப்படி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போவதால் வரும் ஏழு உரசல்களைக் காட்டுகிறது. நான் அதிக நேரம் செலவிட்டது சர்வீசரில். எல்லாரும் கடன் கொடுத்தவரின் பொறுப்பின்மையைப் பற்றியே பேசுவார்கள், சர்வீசரைத் தாண்டிப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் தவணை கட்டாவிட்டாலும் அந்த வட்டியைத் தன் கையிலிருந்து டிரஸ்டுக்கு முன்பணமாகக் கட்டும் கடமை சர்வீசருக்கு உண்டு. வீட்டை ஜப்தி செய்து விற்கும்போது அந்தச் செலவெல்லாம் முதலீட்டாளருக்கு முன்னதாக அவருக்குத் திரும்பி வந்துவிடும். ஆக, செலவைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்கு எந்த அளவுக்கு இருக்கும்? நஷ்டம் முதலீட்டாளருடையது, முடிவு சர்வீசருடையது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற உரசல்கள் தாமாகவே வரும். நியூ செஞ்சுரி 2007 ஏப்ரல் 2ஆம் தேதி திவால் மனு கொடுத்தது என்பதையும் ஓரத்தில் எழுதிவையுங்கள். கடன் தவறினால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தவரே இல்லாமல் போனால் அந்த உறுதிக்கு என்ன மதிப்பு என்பது நல்ல தேர்வுக் கேள்வி.

அடுத்து வாட்டர்ஃபால், அதாவது வரும் பணமும் நஷ்டமும் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்ற ஏற்பாடு. இதைப் படிக்கக் கூடாது, கணக்காகப் போட வேண்டும். கடன் தொகுப்பு 8% வட்டி ஈட்டுகிறது, பத்திரங்களுக்குச் சராசரியாக 5% கொடுக்கிறோம், சர்வீசருக்கு 0.5% என்றால் மீதி 2.5% எக்ஸெஸ் ஸ்ப்ரெட். நஷ்டத்தை முதலில் தாங்குவது இதுதான். அப்புறம் கூடுதல் ஈடு (பத்திரங்களின் மதிப்பைவிட அதிகமாக வைத்த கடன்கள்), அப்புறம் அடித்தட்டு டிராஞ்ச் (பத்திர அடுக்கு), பிறகுதான் மேலே. இந்த வரிசையை ஒரு எக்செல் தாளில் போட்டு, நஷ்டத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். கையால் போட்டவருக்கு 36 மாத ஸ்டெப்-டவுன் (அதன் பிறகு பாதுகாப்பைக் கொஞ்சம் விடுவிப்பது), டிரிகர் (நஷ்டம் கூடினால் அதை நிறுத்துவது) போன்றவை ஏன் இருக்கின்றன என்று விளக்கத் தேவையே இருக்காது.

இப்போது இந்தப் பாடத்தின் இதயமான இடம், மறு-பத்திரமாக்கல். இங்கே நிதானமாக இருங்கள். 100 ரூபாய் கடன் தொகுப்பு ஒன்றை சீனியர் 80, நடு அடுக்கு 16, ஈக்விட்டி (நஷ்டத்தை முதலில் தாங்கும் அடித்தட்டு) 4 என்று பிரிக்கிறோம். நடு அடுக்கை வாங்க ஆள் குறைவு. அதனால் பல தொகுப்புகளின் நடு அடுக்குகளைச் சேர்த்து ஒரு சிடிஓ ஆக்குகிறோம். அதை மறுபடியும் சீனியர் 75%, நடு 15%, ஈக்விட்டி 10% என்று பிரிக்கிறோம். சிடிஓவின் சீனியருக்கும் டிரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த ரேட்டிங் கிடைக்கிறது. கீழே 25% பாதுகாப்பு இருக்கிறதே!

எல்லாத் தொகுப்பிலும் ஒரே மாதிரி நஷ்டம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அடிப்படைக் கடன்களில் நஷ்டம் 8% என்றால் ஈக்விட்டியின் 4 போய், நடு அடுக்கில் 4 போகிறது. 16இல் 4 என்பது 25%. சிடிஓ சீனியரின் பாதுகாப்பு அத்தோடு தீர்ந்தது. நஷ்டம் 14% ஆனால் நடு அடுக்கில் 10 போய்விட்டது, அதாவது 62.5%. சிடிஓ சீனியர் தாங்க வேண்டியது 62.5 கழித்தல் 25, அதாவது 37.5. அதை 75ஆல் வகுத்தால் 50%. டிரிபிள் ஏ என்று வாங்கிய பத்திரத்தில் பாதிப் பணம் போய்விட்டது. அதே 14% நஷ்டத்தில் முதல் தொகுப்பின் சீனியருக்கு ஒரு பைசா போகவில்லை. இரண்டுக்கும் ஒரே ரேட்டிங்!

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும்போதுதான் ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும். தொகுப்புகள் தனித்தனியாக நடந்துகொண்டால் சிடிஓ சீனியர் பாதுகாப்பாக இருக்கும். நாடு முழுவதும் வீட்டு விலை ஒன்றாக இறங்கினால் எல்லா நடு அடுக்குகளும் ஒன்றாகப் போகும். நடு அடுக்கு மெலிதாக இருக்க இருக்க, ‘எல்லாம் பாதுகாப்பு’ என்பதற்கும் ‘எல்லாம் போச்சு’ என்பதற்கும் இடைவெளி சுருங்கும். அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த நிதி நெருக்கடி விசாரணை ஆணையம் 2011இல் தந்த அறிக்கையில் ஒரு எண் உண்டு: 2006இல் மூடீஸ் என்ற ரேட்டிங் நிறுவனம் டிரிபிள் ஏ கொடுத்த வீட்டுக்கடன் பத்திரங்களில் 83% பின்னர் தரம் இறக்கப்பட்டன. சந்தை விலைக்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2008 ஜூலையில் மெரில் லிஞ்ச் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 3,060 கோடி டாலர் முகமதிப்புள்ள சிடிஓக்களை 670 கோடி டாலருக்கு விற்றது. டாலருக்கு 22 சென்ட்.

இனி வலது பத்தி. 2007 ஆகஸ்ட் 9 அன்று பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பரிபா தன் மூன்று ஃபண்டுகளில் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தது. உள்ளே இருந்த பத்திரங்களுக்கு விலை சொல்ல முடியவில்லை என்பது அது சொன்ன காரணம். அந்த நேரத்தில் அமெரிக்காவில் சுமார் 1.2 லட்சம் கோடி டாலர் அளவுக்கு ஏபிசிபி, அதாவது சொத்துகளை ஈடாகக் காட்டி வெளியிடும் கமர்ஷியல் பேப்பர், புழக்கத்தில் இருந்தது. நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிவைத்துக்கொண்டு, சில நாள் அல்லது சில வாரக் கடனில் காலம் தள்ளுகிற ஏற்பாடு. பேப்பர் வாங்குகிறவர்கள் புதுப்பிக்க மறுத்தால் போதும், ஒரு கடன்கூடத் தவறாமலே ஏற்பாடு நின்றுவிடும். ஆண்டு முடிவதற்குள் அந்தச் சந்தை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியது. வங்கிகள் வெளியே நிறுத்திவைத்திருந்த எஸ்ஐவிகள் வீட்டுக்கே திரும்பின. 2007 டிசம்பரில் சிட்டிகுரூப் 4,900 கோடி டாலர் சொத்துகளைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது. ‘அபாயத்தை வெளியே மாற்றிவிட்டோம்’ என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

நார்தர்ன் ராக் வங்கியை வலது பத்தியின் மிகத் தெளிவான உதாரணமாக வையுங்கள். அமெரிக்க சப்பிரைமோடு அதற்குப் பெரிய தொடர்பு கிடையாது. பிரிட்டிஷ் வீட்டுக் கடன்களைப் பத்திரமாக்கி, அந்தப் பணத்தில் மேலும் கடன் கொடுத்த வங்கி. சந்தை மூடியதும் பணம் வரும் வழி மூடியது, 2007 செப்டம்பரில் கிளைகள் முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அது அரசுடைமை ஆனது.

ரெப்போவுக்கு, அதாவது பத்திரத்தை ஈடு வைத்து வாங்கும் குறுகிய காலக் கடனுக்கு, ஒரு சிறு கணக்கு. கையில் 5 ரூபாய், ஹேர்கட் (ஈட்டின் மதிப்பில் கடன் தராமல் கழிக்கும் பங்கு) 5% என்றால் 100 ரூபாய்க்குப் பத்திரம் வைத்திருக்கலாம். ஹேர்கட் 20% ஆனால் அதே 5 ரூபாயில் 25 ரூபாய்க்குத்தான் வைத்திருக்க முடியும். மீதி 75 ரூபாய் பத்திரத்தை விற்றே ஆக வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் விற்றால் விலை இறங்கும், விலை இறங்கினால் ஹேர்கட் மறுபடி ஏறும். இந்தச் சுழலை நான்கு வரியில் எழுதப் பழகுங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜியையும் இங்கேதான் வைக்க வேண்டும். சிடிஓக்களுக்கு அது கொடுத்திருந்த காப்பில் உடனடியாக அதை வீழ்த்தியது, விலை இறங்கியதாலும் தரம் குறைந்ததாலும் எதிர்த்தரப்பினர் கேட்ட ஈட்டுப் பணம். 2008 செப்டம்பர் 16 அன்று ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் தர வேண்டி வந்தது.

இரண்டு பத்திகளும் வேறு வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஃபெடரல் ரிசர்வின் டால்ஃப் கடன் திட்டம். லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி வீழ்ந்த பிறகு, 2008 அக்டோபரில், கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, மாணவர் கடன் பத்திரங்களின் புது வெளியீடுகூட ஏறக்குறைய நின்றுபோனது. அவற்றுக்கும் சப்பிரைம் வீடுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வாங்குகிறவர்களுக்கு நிதி இல்லை, அவ்வளவுதான். ஃபெடரல் ரிசர்வ் டிரிபிள் ஏ பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு, ஈட்டைத் தவிர வேறு எதையும் கேட்க முடியாத கடன்களை 2009 மார்ச்சிலிருந்து கொடுத்தது. மொத்தம் சுமார் 7,100 கோடி டாலர் போனது, நஷ்டமில்லாமல் முழுதும் திரும்பி வந்தது. நஷ்டப் பத்தியில் பெரிய பிரச்சினை இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? படிக்கும்போது இந்த இடத்தில் நின்று யோசியுங்கள்.

விதிமுறைகளை வேகமாகப் படித்தால் போதும். அமெரிக்க டாட்-ஃபிராங்க் சட்டம் தொகுப்பவர் 5% அபாயத்தைத் தன்னிடமே வைத்திருக்கச் சொல்கிறது, ஐரோப்பாவிலும் அதே 5%. இந்தியத் தேர்வு எழுதுகிறவர்கள் ரிசர்வ் வங்கியின் செக்யூரிட்டைசேஷன் விதிகளைப் படிக்க வேண்டும். 2021 செப்டம்பர் மாஸ்டர் டைரக்‌ஷன் வைத்த அளவு: 24 மாதம் வரையிலான கடன்களுக்கு 5%, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 10%, வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு 5%. இந்த விதிகள் இடது பத்தியின் உரசலைச் சரிசெய்கின்றன, வலது பத்தியைத் தொடவில்லை. அதற்கு லிக்விடிட்டி (கையில் போதிய ரொக்கம் இருப்பது பற்றிய) விதிகள் தனியாக இருக்கின்றன.

தேர்வு அறையில்: இரண்டாம் பகுதியில் 80 கேள்விகள், 4 மணி நேரம், கேள்விக்கு 3 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். டிராஞ்ச் கணக்கு வந்தால் அட்டாச்மென்ட், டிட்டாச்மென்ட் புள்ளிகளை (ஓர் அடுக்கு நஷ்டம் தாங்கத் தொடங்கும் இடம், தீரும் இடம்) முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. விளக்கக் கேள்வியாக இருந்தால், விடைகளை வாசிக்கும் முன்பே இது நஷ்டமா நிதியா என்று பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நான்கில் இரண்டு விடைகள் பெரும்பாலும் அப்போதே கழிந்துவிடும். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொட வேண்டாம். 2007 ஏப்ரலிலிருந்து 2009 மார்ச் வரையிலான சம்பவங்களை ஒரு வெற்றுத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்தியைக் குறித்துப் பாருங்கள். எங்கே கை தயங்குகிறதோ அந்த அத்தியாயத்தை மட்டும் திருப்பிப் படியுங்கள்.