ஜோன் வால்வுப் பழுது: டிரேடு டெஸ்டுக்குத் தயாராவோருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஐடிஐ முடித்துவிட்டுக் குளிர்நாட்டு வேலைக்கு முயலும் தமிழ்ப் பிள்ளைகள், வெந்நீர்க் குழாய்களால் வீட்டைச் சூடாக்கும் அமைப்பைக் கண்ணாலும் பார்க்காமலே அதன் பழுதைக் கண்டறியும் டிரேடு டெஸ்ட் என்ற செய்முறைத் தேர்வுக்குப் போக வேண்டியிருக்கிறது. சித்தூர் தாலுகா வெயிலில் அத்தகைய வீட்டுக்கு எங்கே போவது? அப்படிப் போய்த் தேறியவன் என்ற முறையில், தேர்வில் அதிக நேரம் கேட்ட ஜோன் வால்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் வெந்நீரைத் தனித்தனியே திறந்து மூடுவது இந்த வால்வு. அறையின் சூட்டைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் வால்வின் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. வால்வு திறந்து முடியும்போது அதனுள் இருக்கும் எண்ட் சுவிட்ச் இணைந்து, பாய்லரையும் பம்பையும் இயங்கச் சொல்கிறது. வட அமெரிக்க வீடுகளில் இது பெரும்பாலும் 24 வோல்ட் ஏசியில் இயங்கும். பிரிட்டனில் 230 வோல்ட் என்பதால், அங்கே மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறந்தாலே மதிப்பெண் போய்விடும்.

எல்லாப் பகுதிகளும் குளிர்ந்திருந்தால் 24 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரையும் பாய்லரையும், ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் தெர்மோஸ்டாட்டையும் வால்வையும் பார்க்க வேண்டும். மோட்டார் முனைகளில் 24 வோல்ட் இருந்தும் வால்வு அசையாவிட்டால் குறை வால்வில்தான். ஆனால் வெப்பத்தால் விரிந்து திறக்கும் வகை வால்வு திறக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

பலரும் தடுமாறுவது எண்ட் சுவிட்சில்தான். பாய்லரிலிருந்து வரும் இரு கம்பிகளும் இணைந்திருக்கும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே 24 வோல்ட் காட்டினால் சுவிட்ச் திறந்திருக்கிறது, அதாவது இணையவில்லை; பூஜ்யம் காட்டினால் பெரும்பாலும் மூடியிருக்கிறது, அதாவது இணைந்திருக்கிறது. பூஜ்யத்தைக் கண்டதும் மின்சாரமே இல்லை என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. ஐயமிருந்தால் ஒரு கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பிக்கும் மற்றதற்கும் இடையே அளந்தால் பாய்லர் மின்னழுத்தம் தருகிறதா என்பது தெரிந்துவிடும்.

எந்தத் தெர்மோஸ்டாட்டும் கேட்காதபோது பாய்லர் ஓடிக்கொண்டே இருப்பது தேர்வாளர்கள் விரும்பி வைக்கும் பழுது. எல்லா எண்ட் சுவிட்சுகளும் பக்க இணைப்பில் (பேரலல்) இருப்பதால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் பாய்லர் நிற்காது. ஒவ்வொரு வால்விலிருந்தும் எண்ட் சுவிட்ச் கம்பிகளைக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றியதும் பாய்லர் நிற்கிறதோ அதுவே பழுதானது. அத்தோடு விட்டால் பாதி விடைதான். அந்த வால்வுக்கு அப்பாலுள்ள குழாய் சூடாக இருந்தால் வால்வே மூடாமல் சிக்கியிருக்கிறது. குளிர்ந்திருந்தால் சுவிட்ச் மட்டும் ஒட்டியிருக்கிறது.

பழகுவதற்குப் பாய்லர் தேவையில்லை. குளிர்நீர் ஏசியில் அறைக்குள் காற்றை ஊதும் ஃபேன் காயிலில் வரும் 24 வோல்ட் மோட்டார் வால்வைக் கோயம்புத்தூரில் பழைய உதிரிபாகமாகத் தேடிப் பார்க்கலாம். அதில் எண்ட் சுவிட்ச் இல்லாவிட்டால் ஒரு மைக்ரோ சுவிட்சைப் பொருத்தி, பாய்லருக்குப் பதிலாக 24 வோல்ட் விளக்கை இணைத்துப் பலகையில் அமைத்துக்கொள்ளலாம். நண்பர் ஒருவரை இரகசியமாக ஒரு கம்பியைக் கழற்றிவைக்கச் சொல்லி, மீட்டரோடு உட்காருங்கள்.